ஜப்பானியப் பாரம்பரியப் பச்சைகுத்தல்: பெண்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

செர்ரிப் பூவுக்கு என்ன பொருள், பாம்பு குத்திக்கொண்டால் ஆகாதா, தோளில் டிராகன் பெண்ணுக்குப் பொருந்துமா என்றெல்லாம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலோர் கையில் இருப்பது, ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரே சொல்லில் பொருள் சொல்லிவிடுகிற இணையப் பட்டியல். ஜப்பானியப் பச்சைக்கு அந்தப் பட்டியல் போதாது. ஒவ்வொரு உருவத்துக்கும் பின்னால் ஒரு கதையும் ஒரு பருவமும் இருக்கின்றன. அவற்றை முடிந்தவரை இங்கே சொல்கிறேன்.

பெண்களுக்கென்றே தனி டிசைன்கள் ஜப்பானிய மரபில் உண்டா?

இல்லை. முதுகு முழுவதும் டிராகனும் அலையும் பூவுமாக நிறைந்திருக்கும் பாணிக்கு இரெசுமி என்று பெயர். அது எடோ காலத்தில் (1603–1868) நகரத்து உழைப்பாளி ஆண்களிடையே வளர்ந்தது. தீயணைப்பவர்கள், பல்லக்குத் தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள் ஆகியோர்தான் அதை உடலில் சுமந்தவர்கள். 108 கொள்ளை வீரர்களைப் பற்றிய ஒரு சீனக் கதை அப்போது ஜப்பானில் பெரும் பரபரப்பு. 1827-ல் தொடங்கி உதகாவா குனியோஷி அந்த வீரர்களை உடல் நிறையப் பச்சையோடு மர அச்சு ஓவியங்களாக வெளியிட்டார். ஊரே அதைப் பார்த்துக் குத்திக்கொண்டது.

அந்த முரட்டு ஆண்களின் முதுகில் பியோனிப் பூவும் செர்ரிப் பூவும் தாராளமாக இருந்தன. பூ பெண்ணுக்கு, டிராகன் ஆணுக்கு என்ற பாகப்பிரிவினை அந்த மரபுக்குள் கிடையாது. ஆகவே எது பெண்ணுக்குப் பொருந்தும் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்தக் கதை உங்களுடையது என்று யோசியுங்கள்.

அப்படியானால் அந்தக் காலத்து ஜப்பானியப் பெண்கள் பச்சையே குத்திக்கொள்ளவில்லையா?

குத்திக்கொண்டார்கள், வேறு காரணங்களுக்காக. கேளிக்கைப் பேட்டைகளில், அதாவது பரத்தையர் தெருக்களில் வாழ்ந்த பெண்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. காதலனும் காதலியும் கையைக் கோத்துக்கொண்டால் கட்டைவிரல் நுனி எங்கே படுமோ, அங்கே இருவரும் ஆளுக்கொரு மச்சம் குத்திக்கொள்வார்கள். சிலர் காதலன் பெயரை எழுதி, அதன் கீழே 'உயிர்' என்ற எழுத்தையும் சேர்ப்பார்கள். உயிர் உள்ளவரை என்ற சத்தியம் அது. வாடிக்கையாளர் மாறினால் பழைய பெயரை மூலிகைத் திரியால் சுட்டு அழித்துவிட்டு அடுத்த பெயரைக் குத்திக்கொண்டவர்களும் உண்டு. அந்தச் சத்தியத்தில் எவ்வளவு காதல், எவ்வளவு வியாபாரம் என்று அன்றைய எழுத்தாளர்களே கிண்டலடித்திருக்கிறார்கள்.

முழுக்க முழுக்கப் பெண்களுடையது என்று சொல்லத்தக்க பச்சை மரபு ஜப்பானின் இரு ஓரங்களில் இருந்தது. தெற்கே ரியூக்யூ தீவுகள், அதாவது இன்றைய ஒகினாவாவும் அதன் அண்டைத் தீவுகளும். வடக்கே ஹொக்கைதோ தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள்.

ஒகினாவாப் பெண்களின் பச்சை எப்படிப்பட்டது?

அதன் பெயர் ஹஜிச்சி. விரல்களின் மேற்புறம், புறங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் கருநீலத்தில் வட்டம், சதுரம், அம்பு முனை போன்ற வடிவங்கள். குத்துகிறவரும் பெண், குத்திக்கொள்கிறவரும் பெண். தையல் ஊசிகளைக் கட்டாகச் சேர்த்துப் பிடித்து, அவமோரி என்ற உள்ளூர்ச் சாராயத்தில் குழைத்த மையைத் தொட்டுக் குத்துவார்கள். சிறுமியாக இருக்கும்போது விரலில் சில புள்ளிகளோடு தொடங்கி, வயது ஏற ஏற வடிவங்கள் பெருகும். திருமணமானவள் என்பதைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். தீவுக்குத் தீவு வடிவங்கள் மாறின.

பொருளும் ஒன்றே ஒன்று அல்ல. விரலில் உள்ள அம்பு முனைக்கு ஒரு விளக்கம், எய்த அம்பு திரும்பாதது போல மணமாகிப் போன மகளும் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவரக் கூடாது என்பது. (எனக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. ஆனால் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.) பச்சை இல்லாத கையோடு செத்தால் மறுஉலகில் துன்பம் என்றும், கையில் பச்சை இருந்தால் வெளியார் கடத்திக்கொண்டு போகமாட்டார்கள் என்றும் நம்பினார்கள்.

1879-ல் ஜப்பான் ரியூக்யூவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1899-ல் ஹஜிச்சி தடைசெய்யப்பட்டது. நேற்றுவரை அழகாக இருந்த கை, அன்றிலிருந்து மறைக்க வேண்டிய கையாகிவிட்டது. இப்போது ஒகினாவாவில் இளம்பெண்கள் சிலர் அந்த வடிவங்களைத் திரும்பக் குத்திக்கொள்கிறார்கள்.

ஐனு பெண்களின் வாய்ப் பச்சை?

உதடுகளைச் சுற்றி, இரு கன்னங்களை நோக்கி நீளும் கருநீலப் பட்டை அது. முன்கைகளில் பின்னல் போன்ற வடிவங்களும் உண்டு. பிர்ச் மரப்பட்டையை எரித்து, பாத்திரத்தின் அடியில் படிந்த கரியை எடுத்து, சிறு கத்தியால் கீறிய இடத்தில் தேய்ப்பார்கள். செய்பவர்கள் வீட்டு மூத்த பெண்கள். சிறுவயதில் மேலுதட்டில் ஒரு சின்னக் கோடாகத் தொடங்கி, திருமணத்துக்குள் முடித்துவிட வேண்டும். கெட்ட ஆவிகள் வாய்வழியாக நுழையாது என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. எடோ காலத்துக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1871-ல் அதைத் தடைசெய்தது.

பூக்களுக்கு வருவோம். எந்தப் பூவுக்கு என்ன பொருள்?

பியோனிதான் முதலில். அதைப் பூக்களின் அரசன் என்பார்கள். செல்வம், செழிப்பு என்று பட்டியல்கள் எழுதுவது சரிதான். ஆனால் பச்சையில் அது சிங்கத்தோடு சேர்ந்துதான் அதிகம் வரும். அதற்குக் கதை இருக்கிறது. சிங்கத்துக்கு வெளியில் எந்த விலங்கிடமும் பயம் இல்லை. அதன் பயமெல்லாம் தன் உடம்புக்குள்ளேயே வளர்ந்து சதையைத் தின்னும் பூச்சியிடம்தான். அந்தப் பூச்சியைக் கொல்லும் மருந்து, இரவில் பியோனி இதழில் திரளும் பனித்துளி. அதனால் சிங்கம் தினமும் அந்தச் செடியின் கீழே வந்து படுக்கிறது. நோயிலிருந்து மீண்ட ஒரு பெண் என்னிடம் டிசைன் கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இந்த ஜோடியைத்தான்.

சாமந்தி நீண்ட ஆயுளின் பூ. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் அதற்குத் திருவிழா. பழைய அரண்மனைப் பெண்கள் முந்தின இரவே சாமந்தியின் மேல் பஞ்சைப் போர்த்திவைத்து, காலையில் பனியும் மணமும் ஊறிய அந்தப் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். முதுமை தள்ளிப்போகும் என்பது நம்பிக்கை. பதினாறு இதழ் சாமந்தி அரச குடும்பத்தின் சின்னம் என்பதால், அந்த வடிவத்தை அச்சு மாறாமல் எடுக்காமல் இதழ்கள் கலைந்த இயல்பான பூவாகக் குத்திக்கொள்வது நல்லது.

செர்ரி ஒரு வாரத்தில் கொட்டிவிடும். மரத்தில் இருக்கும் பூவைவிடக் காற்றில் பறக்கும் இதழ்தான் பச்சைக்கு அழகு. பிளம் பனிக்காலம் முடியும் முன்பே பூப்பதால் பொறுமைக்கும் திடத்துக்கும் அடையாளம். தாமரையைப் பற்றித் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பௌத்தத்தோடு போன அதே சேற்றுத் தாமரைதான். பூ அல்லாத மேப்பிள் இலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது இலையுதிர்காலத்தின் அடையாளம், பெரும்பாலும் ஓடும் நீரில் மிதப்பதாக வரும்.

பிடித்த பூக்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் குத்திக்கொள்ளலாமா?

உடம்பு உங்களுடையது, குத்திக்கொள்ளலாம். ஆனால் மரபு தெரிந்த கலைஞர் முகம் சுளிப்பார். ஒரு படத்தில் ஒரு பருவம் என்பது அங்கே எழுதாத சட்டம். பனிக்காலத்தில் பாம்பு வளைக்குள் உறங்கும். அதைப் பனி விழும் காட்சியில் வைத்தால், மார்கழி மாதத்தில் மாமரம் காய்த்துத் தொங்குவதாக எழுதிய கதை போலத்தான். நீர் வேண்டிய உயிருக்கு நீர், மேகத்தில் திரியும் உயிருக்கு மேகம் என்று பின்னணியும் பொருந்த வேண்டும். சிங்கத்துக்குப் பியோனி, கோய் என்ற கெண்டை மீனுக்கு மேப்பிள் இலை என்று ஜோடிகளும் ஏறக்குறைய நிலைத்துவிட்டன.

கோய் மீன், கொக்கு, வண்ணத்துப்பூச்சி?

கோய் மீன் அருவியை எதிர்த்து ஏறி உச்சியை அடைந்தால் டிராகனாகிவிடும் என்பது சீனத்திலிருந்து வந்த கதை. மேல்நோக்கி நீந்தும் மீன் என்றால் போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிறத்துக்குக் காதல், அந்த நிறத்துக்குப் பணம் என்று விற்கப்படும் நிறப் பட்டியலை நான் பொருட்படுத்துவதில்லை.

கொக்குக்கு ஆயிரம் ஆண்டு ஆயுள் என்பார்கள். ஜோடிக் கொக்கு நல்ல தாம்பத்தியத்துக்கு அடையாளம். வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு முகம் உண்டு. இறந்தவரின் ஆவி அந்த உருவில் வரும் என்றும் நம்பிக்கை, திருமணத்தில் மதுக் குடுவைகளில் ஆண் பெண் ஜோடியாகக் காகித வண்ணத்துப்பூச்சி கட்டும் வழக்கமும் இருந்தது. அம்மாவின் நினைவாக ஒன்று, மணநாளின் நினைவாக இரண்டு.

பாம்பு குத்திக்கொண்டால் கெடுதலா?

இல்லை, அங்கே பாம்பு காவல் தெய்வத்தின் ஆள். வெள்ளைப் பாம்பு பென்சைதென் என்ற தேவியின் தூதர். பாம்புச் சட்டையைப் பணப்பையில் வைத்தால் காசு சேரும் என்று இன்றும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தப் பென்சைதென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தவள். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற தந்தி வாத்தியம் இருக்கும். கல்வி, இசை ஆகியவற்றோடு செல்வத்தையும் அங்கே அவளிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

கொம்பு வைத்த அந்தப் பயங்கர முகமூடி பேயா? பெண்கள் அதைக் குத்திக்கொள்ளலாமா?

கொம்பும் கோரைப்பல்லும் இருந்தாலும் அது ஒரு பெண்ணின் முகம். ஹன்யா என்று பெயர். நோ என்ற பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்தில் பொறாமையாலும் ஏமாற்றத்தாலும் உருமாறிப்போன பெண்ணுக்கு அணிவிக்கும் முகமூடி. பழைய ஜப்பானிய நாவல் ஒன்றின் நாயகன் பெயர் கெஞ்சி. அவன் காதலியான ரொகுஜோ சீமாட்டி, அவமானம் தாங்காமல் ஆவியாகப் போய்ப் போட்டிக்காரியை வாட்டுகிறாள். இன்னொரு கதையில் கியோஹிமே என்ற பெண், வாக்குக் கொடுத்துவிட்டு ஓடிய துறவியைத் துரத்துகிறாள். அவன் கீ என்ற மாகாணத்தின் தோஜோஜி கோயிலில் பெரிய மணிக்குள் ஒளிந்துகொள்ள, அவள் பாம்பாகி மணியைச் சுற்றிக்கொண்டு அதைச் சூடேற்றியே அவனைக் கொன்றுவிடுகிறாள்.

இந்த முகமூடியைச் செதுக்கியவனின் திறமையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கீழ்ப்பாதியில் வாய் காதுவரை கிழிந்து, பல் தெரிந்து, கோபம் கொப்பளிக்கும். மேல்பாதியைப் பாருங்கள். புருவம் சுருங்கி நடுவில் மேலேறி, கண் குழிந்து, அழப்போகிற முகம். நடிகர் தலையை நிமிர்த்தினால் வெறி, தாழ்த்தினால் துக்கம். வெளிறிய முகம் உயர்குடிப் பெண்ணுக்கு, சிவந்த முகம் சாதாரணப் பெண்ணுக்கு என்று நிறத்திலும் வேறுபாடு உண்டு.

ஆகவே பெண்கள் தாராளமாகக் குத்திக்கொள்ளலாம். தீமையை விரட்டும் காவலாகவும் அதைக் கருதுவார்கள். ஆனால் புருவத்தில் அந்தத் துக்கத்தை வரையத் தெரியாத கலைஞரிடம் போனால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் பிசாசுப் பொம்மை.

வீரப் பெண் யாராவது இந்த மரபில் உண்டா?

தமாதோரி ஹிமே. எனக்கு இந்த மரபிலேயே மிகப் பிடித்த உருவம். ஃபுஜிவாரா குலத்துக்கு வரவேண்டிய விலைமதிப்பற்ற ரத்தின மணி ஒன்றைக் கடலடி டிராகன் அரசன் பறித்துக்கொள்கிறான். அதைத் தேடி சனுகி கடற்கரைக்கு வரும் பிரபு, முத்துக் குளிக்கும் ஒரு பெண்ணை மணக்கிறான். மகன் பிறக்கிறான். இவனை உங்கள் வாரிசாக்குவதானால் மணியை மீட்டுத் தருகிறேன் என்கிறாள் அவள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு கடலில் குதிக்கிறாள். மணியை எடுத்ததும் டிராகனின் படை துரத்துகிறது. தன் மார்பைக் கத்தியால் கீறி மணியை அதற்குள் ஒளித்துக்கொண்டு கயிற்றை இழுக்கிறாள். மேலே வந்தது மணி, அவள் பிழைக்கவில்லை. மகன் பெரிய அமைச்சரானான். இன்றைய ககாவா மாநிலத்தில் உள்ள ஷிதோ கோயிலோடு இந்தக் கதை பிணைந்திருக்கிறது.

பச்சையில் அவள் வாயில் அல்லது கையில் கத்தி, கலைந்த கூந்தல், பின்னால் சுருண்டு வரும் டிராகன், சுற்றிலும் அலை என்று வருவாள். முதுகு முழுவதும் வேண்டும், சிறிய இடத்தில் அடங்கமாட்டாள். பெரும்பாலான மரபுப் படங்களில் அவள் இடுப்புக்கு மேல் ஆடையின்றி இருப்பாள் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

கெய்ஷா முகம் குத்திக்கொள்வது பற்றி?

கடைகளின் மாதிரிப் புத்தகத்தில் 'கெய்ஷா' என்று இருப்பதில் பாதிப்பேர் கெய்ஷாவே, அதாவது ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞரே இல்லை. இடுப்புக் கச்சை முன்பக்கம் முடிந்திருந்து, தலை முழுக்கக் கொண்டை ஊசிகள் செருகியிருந்தால் அவள் ஒய்ரான், அதாவது கேளிக்கைப் பேட்டையின் உயர்நிலைப் பெண். கதை உள்ள உருவம் வேண்டுமென்றால் ஜிகோகு தயூ இருக்கிறாள். கொள்ளையரால் கடத்தி விற்கப்பட்ட சாமுராய் மகள். முற்பிறவி வினையே தன்னை இங்கே கொண்டுவந்தது என்று நம்பி, நரகக் காட்சிகள் வரைந்த அங்கியை அணிந்தவள், இக்யூ என்ற ஜென் துறவியோடு வாதாடியவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள்.

கன்னொன் போன்ற தெய்வ உருவங்களைக் குத்திக்கொள்வது தவறா?

ஜப்பானிய மரபில் தவறில்லை, வழக்கம்தான். கன்னொன் கருணையின் வடிவம். பௌத்தத்தின் அவலோகிதர் என்ற போதிசத்துவர்தான் அவர், அங்கே பெரும்பாலும் பெண் சாயலில் காட்டப்படுகிறார். அவர் உறையும் பொதலக மலை தென்னாட்டில் இருப்பதாகச் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதினார். அது நம் பொதிகைதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் வேண்டாம். முதுகுதான் அவருக்கு இடம். இலங்கைக்குப் போவதாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை: புத்தர் உருவப் பச்சை தெரியும்படி போன வெளிநாட்டுப் பயணிகள் அங்கே சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். 2014-ல் கையில் புத்தர் பச்சை இருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணைத் திருப்பியே அனுப்பினார்கள்.

மணிக்கட்டில் சின்னதாக ஒன்று போதும். அது பாரம்பரியமாகுமா?

பின்னணி இல்லாமல் தனி உருவமாகக் குத்துவதும் மரபுக்குள் உண்டு. ஆனால் இந்தக் கலையின் உயிர் பின்னணியில் இருக்கிறது. உருவங்களை இணைக்கும் கரிய காற்றுப் பட்டைகளும் அலைகளும்தான் உடம்பின் வளைவோடு படத்தை ஒட்டவைக்கின்றன. படம் முடியும் ஓரத்துக்கும் பாணிகள் இருக்கின்றன: பியோனி இதழ் போல வளைந்து முடிவது, விடியல் போல மெல்லக் கரைவது, நேராக வெட்டியது போல நிற்பது. சின்னப் படத்தில் டிராகன் வேண்டாம். செதில்கள் சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும். ஒற்றைச் செர்ரியோ வண்ணத்துப்பூச்சியோ தாங்கும்.

கையால் குத்தும் தெபோரி முறை வலி குறைவா?

குறைவு என்று சொல்பவர்கள் பலர், ஆளுக்கு ஆள் மாறும். மூங்கில் அல்லது உலோகத் தண்டின் நுனியில் வரிசையாகக் கட்டிய ஊசிகள். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க, அந்தக் கட்டைவிரலின் மேல் தண்டைச் சாய்த்து நெம்பி நெம்பிக் குத்துவார்கள். ஊசி தோலை விட்டு வெளியே வரும்போது சக், சக் என்று ஒரு சத்தம் கேட்கும். இப்போது தெபோரிக் கலைஞர்கள் பலர் வெளிக்கோட்டை இயந்திரத்தால் போட்டுவிட்டு, நிழலையும் நிறத்தையும் மட்டும் கையால் செய்கிறார்கள். முழு முதுகு என்றால் வாரம் ஒருமுறை போனாலும் மாதக்கணக்கில் ஆகும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு.

நம் தோல் நிறத்துக்கு இது எடுபடுமா?

எடுபடும். இந்தப் பாணியின் முதுகெலும்பே கறுப்பு என்பது நமக்கு வசதி. தடித்த கோடும் கறுப்பு நிழலும் மாநிறத்திலும் கருநிறத்திலும் நன்றாக நிற்கும். அடர்ந்த சிவப்பும் தெரியும். இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஆகியவை மங்கிவிடும். ஆகவே வெளிர் செர்ரியைவிடச் சிவந்த பியோனி நமக்கு ஏற்றது. சிவப்பு மைக்கு ஒவ்வாமை மற்ற நிறங்களைவிட அதிகம், தழும்பு தடித்து வளரும் தன்மையும் கருந்தோலில் கூடுதல். காது குத்திய இடம் தடித்துப்போன அனுபவம் இருந்தால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பச்சையோடு ஜப்பான் போனால் பிரச்சினையா?

தெருவில் நடக்கப் பிரச்சினையில்லை. வெந்நீர்க் குளியல் இல்லங்களில்தான் தகராறு. எடோ அரசு 1720-ல் குற்றவாளிகளுக்குத் தண்டனையாகப் பச்சை குத்தத் தொடங்கியது. மெய்ஜி அரசு 1872-ல் பச்சையையே தடைசெய்தது. 1948 வரை அந்தத் தடை நீடித்தது. பிறகு யாகுசா என்ற குற்றக் கும்பல்களின் அடையாளமாகவும் அது ஒட்டிக்கொண்டது. 2015-ல் ஜப்பான் சுற்றுலா முகமை நடத்திய கணக்கெடுப்பில், பதில் சொன்ன விடுதிகளில் சுமார் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களைக் குளிக்க அனுமதிப்பதில்லை என்றன. 13 சதவீதம் மறைத்துக்கொண்டால் சரி என்றன. 2013-ல் நியூசிலாந்திலிருந்து பூர்வகுடி மொழிகள் பற்றிய கூட்டத்துக்கு ஹொக்கைதோ வந்திருந்த ஒரு மாவோரிப் பெண்ணை, முகத்தில் மரபுப் பச்சை இருந்ததற்காக ஒரு குளியல் இல்லம் உள்ளே விடவில்லை. பெண்கள் முகத்தில் பச்சையோடு வாழ்ந்த ஐனு மண் அது!

சின்னப் படமென்றால் தோல் நிற ஒட்டுத்தாள் வாங்கி மறைத்துக்கொள்ளுங்கள். முழு முதுகென்றால் கினோசாகி ஊருக்குப் போங்கள். அங்குள்ள பொதுக் குளியல் இல்லங்களில் தடையில்லை.

ஜப்பானிய எழுத்தில் ஏதாவது எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. 2019-ல் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி ஒருவர் 'ஏழு மோதிரங்கள்' என்று நினைத்து உள்ளங்கையில் குத்திக்கொண்டது, ஜப்பானியர் கண்ணுக்குச் சிறிய கரி அடுப்பாகத் தெரிந்தது.

ஜப்பானியர் அல்லாதவர் இதைக் குத்திக்கொள்வது சரியா?

இரெசுமியைப் பொறுத்தவரை தயக்கம் தேவையில்லை. 1881-லேயே பிரிட்டனின் பிற்கால மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஜப்பானில் கையில் டிராகன் குத்திக்கொண்டார். உள்ளூரில் தடை இருந்த அந்தக் காலத்திலும் வெளிநாட்டாருக்குக் குத்திய கலைஞர்கள் இருந்தார்கள். ஐனு, ஹஜிச்சி வடிவங்கள் வேறு. அவை ஒரு சமூகத்தின் பெண்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கியவை, அரசு சட்டம் போட்டு அழித்தவை. அவர்களே அவற்றை இப்போதுதான் மீட்டுக்கொண்டிருக்கும்போது நாம் அழகுக்காக எடுப்பது முறையாகாது.

கடைக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

புதிதாகக் குத்திய படங்களைக் காட்டுவார்கள். அவற்றில் எல்லாமே பளிச்சென்று இருக்கும். ஐந்தாறு ஆண்டு ஆன வேலையின் படத்தைக் கேளுங்கள். நம்மைப் போன்ற நிறத்தில் செய்ததாக இருக்கட்டும். உங்கள் உருவத்துக்கு எந்தப் பருவம், எந்தப் பின்னணி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் வேறு கடை பாருங்கள். ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள், மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவும் வழிகளில் ஏற்கெனவே பயன்படுத்திய ஊசியும் ஒன்று. கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டிக்கொண்டிருந்தாலோ தள்ளிப்போடுங்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிக்கோட்டுக்கு ஒரு நாள் போதும். அதைப் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யலாம்.